எடைக் குறைப்பும் அரை வயிற்றுப் பட்டினியும்

நமது கிராமங்களில் உணவைப் பற்றிப் பேச்செழுந்தால், போதிய உணவு கிடைக்கவில்லை என்பதே நெடுங்காலமாக முதற் கவலையாக இருந்து வந்தது. விருதுநகரில் பிறந்த காமராஜ் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1956-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவளிக்கும் திட்டம் தொடங்கப்பெற்றதற்கும் அக்கவலையே காரணம். அது இன்னும் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. எனினும் அதன் பக்கத்திலேயே இன்று மற்றொரு கவலையும் வந்து அமர்ந்திருக்கிறது. 2019-21-இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் உயரத்திற்கு மிஞ்சிய எடை உடையவர்கள். நூற்றுக்கு 12 பேருக்கு மேற்பட்டோர் உயரத்திற்கேற்ற எடையின்றி மெலிந்தவர்கள். நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை உடையவர்கள். பருமனாக இருந்துகொண்டே இரத்தசோகையும் உடையவர்கள் இவர்களில் பலர் உண்டு என்பதை எந்தக் கிராமச் செவிலியரைக் கேட்டாலும் அறியலாம்.

எடை மிகுந்தவரிடம், "உடம்பைக் குறையுங்கள்" என்று டாக்டர் கூறுகிறார். சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் முழங்கால் வலியும் உள்ளவர்க்கு அது தக்க யோசனையே. ஆனால் அதை எவ்வாறு செய்வது, எத்தனை நாளில் எவ்வளவு குறையும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வீடு திரும்புவோர் சிலரே. மற்றவர்கள் தமக்குத் தெரிந்த ஒரே வழியைக் கையாளுகின்றனர், அதுதான் பட்டினி. அதனால் விளைவது என்ன என்பதை விளக்குவதே நமது நோக்கம்.

புதுப்பட்டிச் சகோதரி

சிவகாசியை அடுத்த எம். புதுப்பட்டிப் பக்கம் நாம் சென்றிருந்தபோது, துணை சுகாதார நிலையத்தில் ஒரு சகோதரியைச் சந்தித்தோம். வயது நாற்பதைக் கடந்தவர். பட்டாசு ஆலையொன்றில் சரம் பின்னும் வேலை செய்பவர். உயரம் 152 சென்டிமீட்டர். எடை 70 கிலோ இருந்தது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்டு வருபவர். எடையைக் குறைக்குமாறு டாக்டர் கூறியதும் காலை உணவை அறவே நிறுத்திவிட்டார். நண்பகலில் ஒரு கரண்டிச் சோறு. இரவில் ஒரு வாழைப்பழமும் தேநீரும். பத்து நாளில் மூன்று கிலோ குறைந்தது. தெருவெல்லாம் இதைச் சொல்லி மகிழ்ந்தார். அடுத்த இருபது நாளில் குறைந்தது அரைக் கிலோ மட்டுமே. ஒரு நாள் முற்பகலில் வேலை செய்துகொண்டிருந்தபோதே கண் இருண்டு கை நடுங்கிச் சாய்ந்துவிட்டார். போர்மேன் அவரை வெளியே மரநிழலுக்கு அழைத்துவந்து சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் செய்திருக்கிறார்.

"நான் சாப்பிடறதே இல்லையே நர்சம்மா, பிறகு ஏன் குறைய மாட்டேங்குது? முதல்ல குறைஞ்சதே!" என்று அவர் கேட்டார்.

"அக்கா, முதல்ல குறைஞ்சது பாதிக்கு மேல தண்ணிதான். அதை நம்பி ஏமாந்துட்டீங்க" என்றார் செவிலியர்.

செவிலியர் கூறியது முற்றிலும் உண்மை. அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

களத்து மக்காச்சோளம்

கரிசற் காட்டு விவசாயிகளுக்கு இதை எடுத்துரைப்பது எளிது. உதிர்த்த மக்காச்சோளத்தைக் களத்தில் பரப்பிக் காயவிட்டால் முதல் இரண்டு மூன்று நாளில் எடை விரைந்து இறங்குகிறது. மூட்டை மூட்டையாகக் குறைந்ததே என்று யாரும் தானியம் பறிபோனதாக எண்ணுவதில்லை. ஈரம் போயிற்று என்பதை அறிவர். பின்னர் எத்தனை நாள் வெயிலில் கிடந்தாலும் முன்போல் எடை குறைவதில்லை. வியாபாரி ஈரப்பதம் பார்க்கும் கருவியைக் கொண்டுவருவதும் இதற்காகவே.

மனித உடலிலும் இவ்வாறே நிகழ்கிறது. நாம் உண்ணும் சோறு, களி, கூழ் முதலியவற்றிலுள்ள மாவுச்சத்தில் ஒரு பகுதியை ஈரலும் தசைகளும் அவசரத் தேவைக்காகச் சேமித்து வைக்கின்றன. இதற்குக் கிளைகோஜன் என்று பெயர். வளர்ந்த ஒருவரின் உடலில் இச்சேமிப்பு ஏறக்குறைய அரைக் கிலோ இருக்கலாம். அதன் ஒவ்வொரு கிராமுடனும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்து தங்கியிருக்கிறது. உணவைத் திடீரெனக் குறைத்தால் உடல் முதலில் கை வைப்பது இச்சேமிப்பில்தான். அது கரையும்போது அதைப் பற்றியிருந்த தண்ணீரும் சிறுநீராக வெளியேறுகிறது. உப்பும் உணவோடு சேர்ந்து குறைவதால் இன்னும் சிறிது தண்ணீர் வெளியேறும். குடலில் இருக்கும் உணவின் சுமையும் குறைகிறது. ஆக, முதல் வாரத்தில் ஒன்றிலிருந்து இரண்டு கிலோ வரை கொழுப்பிற்குத் தொடர்பின்றியே இறங்கிவிடலாம். மறுபடி ஒரு விருந்தில் வயிறாரச் சோறுண்டால் அது இரண்டே நாளில் திரும்பி வந்துவிடும். அப்போது, "ஒரு நாள் சாப்பிட்டதற்கு இரண்டு கிலோ கூடிவிட்டதே" என்று வருந்துவதும், முன்பு குறைந்தபோது மகிழ்ந்ததைப் போலவே பொருளற்றது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஐயம் தீரும். உணவு தரும் சக்தியைக் கலோரி என்னும் அளவால் கணக்கிடுகிறார்கள். உடற்கொழுப்பில் ஒரு கிலோ கரைய வேண்டுமாயின், ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை ஏற்பட வேண்டும். அந்தச் சகோதரிக்கு மூன்று கிலோவும் கொழுப்பாகவே கரைந்திருக்குமானால் 23,100 கலோரி, அதாவது நாளொன்றுக்கு 2,310 கலோரி பற்றாக்குறை ஏற்பட்டிருக்க வேண்டும். ஆனால் உட்கார்ந்தே வேலை செய்யும் அவருடைய உடல் ஒரு நாள் முழுவதும் செலவிடுவதே சுமார் 1,900 கலோரிதான்! ஒரு பருக்கையும் உண்ணாமல் இருந்தாலும் அவ்வளவு பற்றாக்குறை ஏற்பட வழியில்லை. அவர் உண்டது 700 கலோரி அளவு என்று வைத்துக்கொண்டால் பற்றாக்குறை நாளொன்றுக்கு 1,200. பத்து நாளில் 12,000. இதற்கு ஒன்றரைக் கிலோ கணக்காகும். மற்ற ஒன்றரைக் கிலோ தண்ணீர் முதலியனவே. கணக்கில் வரும் ஒன்றரைக் கிலோவிலும் கொழுப்போடு தசையும் கலந்து போயிருக்கும் என்பதை மறத்தலாகாது. போதிய பருப்பும் முட்டையும் இன்றிப் பட்டினி கிடப்பவர் உடல், தன் தசையையே எடுத்துச் செலவிடுகிறது.

பின் இருபது நாளில் ஏன் அரைக் கிலோ மட்டும்? காரணங்கள் பல. குறைந்த உணவுக்கேற்ப உடல் தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது; வீட்டு வேலையில் சோர்வு வருகிறது; நடப்பது குறைகிறது. பட்டினியால் தளர்ந்த உடலில் சில வேளை தண்ணீர் தேங்கி, கரைந்த கொழுப்பை மறைத்துவிடுகிறது. மாதவிலக்கு நாட்களை ஒட்டியும் இவ்வாறு தண்ணீர் தங்குவதுண்டு. இன்னொன்றும் உண்டு. பகலெல்லாம் வயிற்றைக் கட்டிய ஒருவர் மாலையில் பசி பொறாமல் கையில் அகப்பட்டதை உண்கிறார். அது கணக்கில் ஏறுவதில்லை. சாத்தூர்ச் சேவு 50 கிராமில் 250 கலோரிக்கு மேல் உண்டு. அச்சகோதரியும் இரண்டு மூன்று நாள் அவ்வாறு உண்டதைப் பின்னர் தாமே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். பசியைக் குற்றம் கூறிப் பயனில்லை.

பட்டினியின் சரித்திரம்

"பட்டினி கிடந்தால் உடல் எடை குறையவே குறையாது" என்று சிலர் கூறுவதும் நம் காதில் விழுகிறது. அதுவும் தவறே. குறையும். உயிர் போகும் வரையில் குறையும். நமது மாகாணமே அதற்குச் சாட்சி.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. 1877-இன் தொடக்கத்தில் இந்திய சர்க்காரின் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலையில் கூலி செய்வோருக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் அதற்குமேல் சிறிது காசும் கிடைக்குமளவுக்குக் கூலியைக் குறைத்தார். மண் வெட்டியும் கல் உடைத்தும் வேலை செய்வோருக்கு அது போதாது, பருப்பும் வேண்டும் என்று மாகாணச் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தெழுதினார். அவ்வாண்டிலேயே அளவு மீண்டும் உயர்த்தப்பட்டது. அதற்குள் எத்தனையோ உடல்கள் எலும்பாகிவிட்டன.

ஒரு ராத்தல் என்பது சுமார் 450 கிராம். அவ்வளவு அரிசியில் ஏறக்குறைய 1,550 கலோரி உண்டு. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். ஏனெனில், ஏறத்தாழ இதே அளவு உணவைக் கொண்டு பிற்காலத்தில் அமெரிக்காவில் ஒரு புகழ் பெற்ற சோதனை நடந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதியில், 1944-45-இல் மின்னசோட்டா சர்வகலாசாலையில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர், தாமாக முன்வந்த 36 இளைஞரை 24 வாரங்கள் நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி உணவில் வைத்து, வேலை செய்யவும் நடக்கவும் செய்து ஆராய்ந்தார். அவர்கள் எடையில் கால் பங்கை இழந்தனர். உடலின் அடிப்படைச் செலவு நூற்றுக்கு 40 அளவு சுருங்கியது. நாடித் துடிப்புத் தளர்ந்தது. வெயிற் காலத்திலும் குளிர் எடுத்தது. காலில் நீர் கோத்தது. எளிதில் சினங்கொண்டனர், உணவைத் தவிர வேறு நினைவே இல்லாதவர் ஆயினர். சோதனை முடிந்து உணவு கிடைத்தபோது எவ்வளவு உண்டும் பலருக்குப் பசி ஆறவில்லை. இழந்த தசை திரும்புமுன்னே கொழுப்பு திரும்பியது. சிலர் முன்னிருந்ததைவிடப் பருத்தனர்.

இவ்விரு செய்திகளையும் படித்தவுடன், "1,550 கலோரி பட்டினி உணவு" என்று முடிவு கட்டிவிடலாகாது. மண் வெட்டும் ஆணுக்கு அது பட்டினி. நாள் முழுவதும் உட்கார்ந்து வேலை செய்யும், உயரத்தில் சிறிய பெண்ணுக்கு அதுவே ஏறக்குறையப் போதுமானது. குறைவு என்பதும் மிகுதி என்பதும் உழைப்பைப் பொறுத்தவை. குன்னூரில் மக்காரிசன் தொடங்கிய ஆராய்ச்சிக் கூடத்தின் வழி வந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறிய நிலையமே இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அந்நிறுவனத்தின் வாயிலாக 2020-இல் வெளியான அளவுகளின்படி, 55 கிலோ எடையுள்ள பெண், உட்கார்ந்த வேலை செய்பவராயின் 1,660 கலோரியும், நடுத்தர உழைப்பாளியாயின் 2,130 கலோரியும், கடும் உழைப்பாளியாயின் 2,720 கலோரியும் வேண்டும். 65 கிலோ ஆணுக்கு முறையே 2,110, 2,710, 3,470. ஒரே தெருவில் வாழும் இருவருக்குள் இவ்வளவு வேற்றுமை! பருத்திக் காட்டில் களையெடுக்கும் பெண், பட்டாசு ஆலையில் உட்கார்ந்திருக்கும் அண்டை வீட்டுக்காரியைப் பார்த்துத் தானும் உணவைச் சுருக்கினால், அவளுக்கு அது வேறு விதமான உணவாகிவிடும்.

உண்மையில் நம் பக்கத்தில் எடை கூடியதற்குரிய காரணமும் இவ்வெண்களிலேயே அடங்கியுள்ளது. முன் தலைமுறையினர் கமலை இறைத்தனர், திருகையில் திரித்தனர், உரலில் கம்பு குத்தினர், கண்மாய்க்கும் கிணற்றுக்கும் குடத்தோடு நடந்தனர். இன்று பம்பு இறைக்கிறது, மில் அரைக்கிறது, ஆலை வண்டி வீட்டு வாசலுக்கு வருகிறது. நல்லதே, அந்தப் பாட்டை மீண்டும் யாரும் பட வேண்டியதில்லை. ஆனால் உழைப்பு குறைந்த அளவுக்குத் தட்டிலுள்ள சோறு குறையவில்லை. அதன்மேல் விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. பரோட்டாவைக் கைவிடுமாறு நாம் கூறப்போவதில்லை. கூறினால் கேட்பாரும் இல்லை.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியின்படி, வாரத்துக்கு அரைக் கிலோ குறைவது ஆபத்தில்லாத வேகம். எடைக் குறைப்பு உணவு எக்காரணத்தாலும் நாளொன்றுக்கு 1,000 கலோரிக்குக் கீழே போகலாகாது என்றும் அது கூறுகிறது. ஆயிரம் என்பது எட்ட வேண்டிய இலக்கன்று, தாண்டக்கூடாத எல்லை. நம் மகளிரில் பெரும்பாலார்க்கு 1,200-க்கும் 1,400-க்கும் இடையிலும், ஆடவர்க்கு 1,500-க்குக் குறையாமலும் இருப்பதே தக்கது. இன்னும் குறைந்த உணவு சில நோயாளிகளுக்குத் தரப்படுவதுண்டு. அது டாக்டரின் நேரடிக் கண்காணிப்பில் நடப்பது. கண்காணிப்பின்றி விரைந்து குறைப்போர்க்குப் பித்தப்பையில் கல் சேர்வதும் முடி கொட்டுவதும் உண்டு.

நாள்தோறும் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு 3,500. அதற்குக் கணக்கு அரைக் கிலோவிற்குச் சற்றுக் குறைவு. மாதங்கள் செல்லச் செல்ல உடல் இளைத்து, அதன் செலவும் குறைவதால் இவ்வேகமும் தளரும். ஆறு மாதத்தில் எடையில் இருபதில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்கு வரை குறைந்தால் அது நல்ல வெற்றி. 70 கிலோ உள்ளவருக்கு மூன்றரையிலிருந்து ஏழு கிலோ. இதைக் கேட்டதும் பலர் முகம் வாடிவிடுகிறது. இருபதில் ஒரு பங்கு குறைந்தாலே சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் அடங்கத் தொடங்குகின்றன என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். பத்து நாளில் பத்துக் கிலோ என்று மாவு டப்பாவுடன் ஊருக்குள் வருவோரிடம், அந்தப் பத்துக் கிலோவுக்குரிய 77,000 கலோரி எங்கிருந்து வரும் என்று மட்டும் கேட்டால் போதும்.

ஐந்நூறு கலோரியைப் பட்டினி இன்றியே குறைக்கலாம். புதுப்பட்டிச் சகோதரியின் பழைய உணவையே எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி; இரண்டு கரண்டி சர்க்கரை இட்ட தேநீர் ஐந்து வேளை; மாலையில் 50 கிராம் சேவு. அரிசியை 200 கிராமாக்கினால் 350 கலோரி மிச்சம். தேநீரில் சர்க்கரையைப் பாதியாக்கினால் 100. சேவை வாரத்துக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால் மற்ற நாட்களில் 250. ஆக 700. இதில் 150 முதல் 200 கலோரியை ஒரு முட்டையாகவும் ஒரு கை பருப்பாகவும் தட்டில் திரும்ப வைக்க வேண்டும். இத்திரும்ப வைத்தலைத்தான் எல்லோரும் மறக்கின்றனர். தசையைக் காப்பது அதுவே. பசியைத் தாங்கச் செய்வதும் அதுவே. துவரம்பருப்பு, தட்டாம்பயறு, மொச்சை, மோர், மீன் ஆகியன யாவும் இதற்கு ஏற்றவை. ரேஷன் அரிசி விலையின்றிக் கிடைக்கும்போது பருப்புக்குக் காசு செலவிட மனம் வருவதில்லை என்பதை நாம் அறிவோம். ஆயினும் நூறு கிராம் துவரம்பருப்பில் சுமார் 22 கிராம் புரதம் உள்ளது. அரிசியில் அதில் மூன்றில் ஒரு பங்குதான்.

கம்பும் குதிரைவாலியும் உண்டால் எடை குறைந்துவிடும் என்னும் எண்ணமும் பரவியிருக்கிறது. 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி எனில், கம்பிலும் ஏறக்குறைய அவ்வளவே. அவற்றில் நார்ச்சத்தும் இரும்பும் மிகுதி, வயிற்றில் நெடுநேரம் நிற்கும், அதனால் நல்லவை. ஆனால் சோற்றைக் குறைக்காமல் மேலும் இரண்டு சொம்பு கூழ் குடித்தால் எடை கூடும்.

நடையைப் பற்றி ஒரு சொல். அரை மணி நேர நடையில் சுமார் 120 கலோரி செலவாகும். ஒரு பரோட்டாவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும். எனவே நடையை மட்டும் நம்பி எடை குறைத்தல் அரிது. தசையும் இதயமும் வலுப்பெறவும், குறைந்த எடை மீண்டும் ஏறாதிருக்கவும் அது இன்றியமையாதது.

எடையை வாரத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். அதே கிழமை, அதே தராசு, காலையில் வெறும் வயிற்றில், காலைக்கடன் முடித்த பிறகு. ஒரு வாரம் ஏறியதென்றும் மறு வாரம் இறங்கியதென்றும் பாராட்டாமல், நான்கு வாரத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு வாரத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது இன்னும் நல்லது. தராசு இல்லையெனில் கயிறு போதும். தம் உயரத்துக்குக் கயிறு அளந்து, அதை இரண்டாக மடித்து இடுப்பைச் சுற்றிப் பார்க்கட்டும். இரு முனையும் சேர்ந்தால் நலம். சேராது இடைவெளி இருந்தால் வயிற்றுக் கொழுப்பு மிகுதி. மாதம் ஒரு முறை அவ்விடைவெளியை விரலால் அளந்து வரலாம்.

யார் குறைக்கலாகாது?

இப்பகுதியை ஊராட்சி உறுப்பினர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டுகிறோம். எடைக் குறைப்பைப் பற்றிக் கிராமத்தில் பேச்சு பரவினால், குறைக்க வேண்டியவர் கேட்பதற்கு முன் குறைக்கக் கூடாதவர் கேட்டுவிடுகின்றனர். வளரும் பெண்பிள்ளைகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், வயது முதிர்ந்து மெலிந்தவர் ஆகியோர் உணவைச் சுருக்குதல் தகாது. பள்ளிக்குச் செல்லும் பெண் ஒருத்தி, உடம்பு போட்டுவிடும் என்று காலை உணவை விடுகிறாள் எனில், அதைத் தாயிடம் சொல்லித் தடுக்க வேண்டும். இளம்பெண்களிடையே இரத்தசோகை இன்னும் மிகுந்திருக்கும் மாநிலம் இது.

முயற்சி ஏதுமின்றி எடை தானே குறைந்தால் அது மகிழ்ச்சிக்குரியதன்று. இருமலோடு குறைந்தால் காசநோய்ச் சோதனையும், தாகத்தோடு குறைந்தால் சர்க்கரைச் சோதனையும் உடனே செய்தல் வேண்டும்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுத்துக்கொள்பவர், டாக்டரிடம் கூறாமல் ஒரு வேளை உணவையும் விடலாகாது. மருந்து தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்; உணவு வராவிட்டால் இரத்தத்தில் சர்க்கரை மிகத் தாழ்ந்து வியர்வை, நடுக்கம், மயக்கம், அறிவுக் கலக்கம் ஏற்படும். எங்கும் இது ஆபத்து. பட்டாசு ஆலையில் இதன் பொருள் வேறு. வெடிமருந்தின் அருகில் ஒரு கை நடுங்கினால், ஒரு பாத்திரம் நழுவினால், ஓர் உராய்வு நேர்ந்தால், துன்பம் அந்த ஒருவரோடு நிற்பதில்லை. சிவகாசி வட்டாரத்தில் இதை விளக்கிக் கூற வேண்டிய வீடு எதுவுமில்லை. காலையில் வெறும் வயிற்றோடு ஆலை வண்டியில் ஏறுவதை, வெறுங்காலோடு நெருப்பை மிதிப்பதாகக் கருத வேண்டும்.

ஊராட்சி அன்பர்கள் செய்யக்கூடியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. துணை சுகாதார நிலையத்தில் உள்ள தராசு சரியாக இருக்கிறதா, உயரம் அளக்கும் கோல் உண்டா என்று பார்க்கலாம். 2021 ஆகஸ்டு முதல் நடைபெற்றுவரும் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் ஊழியர் மாத்திரை கொடுக்க வீட்டிற்கு வரும்போது, வேலை நேரத்தையும் உணவு நேரத்தையும் சேர்த்துக் கேட்டறியுமாறு கோரலாம். பெண்கள் மாலையில் நடக்கும் பாதையில் விளக்கு எரியச் செய்யலாம். துண்டுக் கூலி முறையில் வேலை செய்வோர் ஒரு கட்டு கூடுதலாக முடிப்பதற்காக உணவு இடைவேளையை விட்டுவிடுகின்றனர்; ஆலை நடத்துவோரிடம் பேசி, கூலி குறையாத வகையில் முற்பகலில் கால் மணி நேர இடைவேளைக்கு வழி செய்ய முடியுமானால் அது எல்லாவற்றிலும் மேலானது. கிராம சபையில் இதைப் பேசுவதற்குத் தடை ஏதுமில்லை.

அந்தச் சகோதரியை நான்கு மாதம் கழித்து மீண்டும் சந்தித்தோம். டாக்டர் அவருடைய மாத்திரையின் அளவையும் வேளையையும் மாற்றிக் கொடுத்திருந்தார். பட்டினியை விட்ட முதல் வாரத்தில் ஒன்றரைக் கிலோ ஏறியதாகவும், அன்று அழுகையே வந்ததாகவும் கூறினார். திரும்பி வந்ததும் தண்ணீரே என்று செவிலியர் முன்னரே சொல்லி வைத்திராவிட்டால் மீண்டும் பட்டினிக்கே போயிருப்பாராம். தம் பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகத்தில் வாரம் ஒரு வரியாக எடையை எழுதி வைத்திருந்தார். பதினாறு வரிகளில் நான்கு வரிகள் முன் வாரத்தைவிட ஏறியிருந்தன, இரண்டு அசையவில்லை. கடைசி வரியில் 64 கிலோ 800 கிராம் என்றிருந்தது. இடுப்புக் கயிற்றின் முனைகளுக்கு நடுவே இன்னும் நான்கு விரல் இடைவெளி இருக்கிறது. காலையில் மூன்று இட்லியும் ஒரு முட்டையும் உண்டுவிட்டுத்தான் வண்டி ஏறுகிறார்.